குண்டு பல்பு

அம்பாசமுத்திரத்தில் எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குள் நுழைந்தாலும் கண்ணுக்கு நேரே அடுக்கியிருக்கும் ஆயில் டப்பாக்களில் '20டபிள்யூ-40' என்று போட்டிருக்கும். இருபது வருடமாக வாங்கி ஊற்றியவன்தான். அந்த டபிள்யூ எதற்கென்று கேட்டதில்லை, ஏதோ கம்பெனிக் குறி என்று விட்டுவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, குளிர்காலத்துக்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தாம் அது. 20டபிள்யூ என்று பேர் வாங்க வேண்டுமானால் மைனஸ் 15 டிகிரியில் எஞ்சினைச் சுற்றவிடும் அளவுக்கு அந்த எண்ணெய் இளக்கமாக இருக்கிறதா என்று சோதித்துத் தேற வேண்டும். மணிமுத்தாற்றில் மார்கழி விடியலில்கூட இருபது டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். உலகத்துக் குளிர்காலம் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது அந்த ஒற்றை எழுத்தாகத்தான். அதையும் எஞ்சினுக்குள் ஊற்றி மூடிவிடுகிறோம்.

ஆனால் எங்களுக்கும் ஒரு குளிர்காலம் உண்டு. அது தெர்மாமீட்டரில் தெரியாது. தீப்பெட்டியில் தெரியும். ஐப்பசி பிறந்து இரண்டு மழை விழுந்ததும் குச்சி உரசினால் மருந்து கரைந்து பெட்டியில் அப்பிக்கொள்ளும். உப்பு ஜாடியில் தண்ணீர் விடும். பீரோவில் வேட்டி ஒரு வாசனை வீசும். பழைய தமிழர்கள் வருடத்தை ஆறாகப் பிரித்து அதில் பாதியைக் குளிருக்குக் கொடுத்தார்கள்: ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. வெயில் தேசத்துக்காரர்களுக்கு இத்தனை நுணுக்கம் எதற்கு என்று பள்ளிக்கூடத்தில் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பதில்லை. கூதிர் என்பது வெறும் குளிர் அல்ல, நனைந்த குளிர். நக்கீரரின் நெடுநல்வாடையில் அந்தப் பருவத்துக்கு ஜன்னலை அடைத்துத் தடவில் நெருப்பிட்டு உட்காருகிறார்கள். தடவு என்றால் கணப்புச் சட்டி. சொல் வழக்கொழிந்தது, சட்டியும் போயிற்று. ஈரம் மட்டும் வருடந்தவறாமல் வந்துகொண்டிருக்கிறது.

என் ஷெட் ஒரு காலத்தில் தொழுவம். மாடு போன பிறகு தகரம் மாற்றி, சிமெண்ட் போட்டு, அப்பாவின் டி.வி.எஸ். 50ஐ நிறுத்தினேன். அந்த வண்டி எங்கள் பக்கத்துக்கு அந்நியமானதல்ல. 1980இல் ஓசூரிலிருந்து கிளம்பியதுதான் என்றாலும், டி.வி.எஸ். என்கிற மூன்றெழுத்தில் முதலெழுத்து திருக்குறுங்குடி. கம்பெனியைத் தொடங்கிய சுந்தரம் அய்யங்கார் 1877இல் பிறந்த அந்த ஊர், எங்கள் ஊர் மலையின் அடிவாரத்திலேயே தெற்கே இருக்கிறது. அப்பா அதில் உரமூட்டையும் வாழைத்தாரும் என்னையும் ஏற்றி எண்பதடிக் கால்வாய்க் கரையில் ஓட்டியிருக்கிறார். அவர் போன பிறகு மூன்று வருடம் சாக்குப் போர்த்திக் கிடந்தது. பிரித்து மேய்ந்து மறுபடி கோப்பது என்று நான் முடிவெடுத்தது, எனக்கு நேரம் கிடைக்கிற, மழை விடாத, வேறு எந்த மெக்கானிக்கும் தொடத் தயங்குகிற கார்த்திகை மாதத்தில்.

கல்லிடைக்குறிச்சி மெக்கானிக் அண்ணாச்சி முதலிலேயே சொன்னார். "அப்பளக்காரங்க வீட்டு முத்தத்த எட்டிப் பாரும். பாய் விரிச்சுருந்தாவன்னா நீரும் வண்டியப் பிரியும். பாயைச் சுருட்டி வச்சுருந்தாவன்னா பேசாம தூங்கும்."

இதைவிடத் துல்லியமான ஈரமானியை நான் இதுவரை பார்க்கவில்லை. கல்லிடைக்குறிச்சி அப்பளம் எத்தனையோ வீடுகளுக்குச் சோறு போட்ட தொழில். உளுந்து மாவு வட்டம் காய்வதற்கும் டேங்கில் அடித்த பெயிண்ட் காய்வதற்கும் காற்று ஒன்றுதான். யோசித்துப் பார்த்தால் இந்தப் பள்ளத்தாக்கின் தொழில் எல்லாமே ஈரத்தோடு நடத்தும் பேரம்தான். விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி சகோதரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பாபநாசத்து அருவி வேகத்தை நம்பிப் பஞ்சாலை வைத்தார்கள். நூற்பாலைக்கு ஈரம் வேண்டும், காற்று உலர்ந்தால் நூல் அறும். உள்ளே வேலை பார்த்தவர்கள் வேர்வையும் பஞ்சுமாக வெளியே வருவார்கள். மேலே மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டில் நேர் எதிர். பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். வாட்டி, அரைத்து, புளிக்கவைத்து, கடைசியில் விறகு உலையின் அனல்காற்றில் மூன்று சதவீதம் ஈரம் வரை இறக்கினால்தான் அது தேயிலை. அதே எஸ்டேட்டில் மழைக்குப் பேர்போன ஊத்திலும் நாலுமுக்கிலும், தமிழ்நாட்டின் ஈரமான மூலைகளில் ஒன்றில் உட்கார்ந்துகொண்டு, தொண்ணூறு வருடத்துக்கும் மேலாக இலையிலிருந்து தண்ணீரை விரட்டிக்கொண்டிருந்தார்கள். இதில் ஒரு வேடிக்கை இருப்பதாக எனக்கு எப்போதும் படும்.

அண்ணாச்சி பேச்சை நான் கேட்கவில்லை. பாய் சுருட்டியிருந்த நாளில் டேங்கைத் தேய்த்து, பிரைமர் அடித்து, அதன்மேல் பச்சை அடித்தேன். கால் மணி நேரத்தில் பச்சையின்மேல் வெள்ளை பூத்தது, பழைய கண்ணாடியில் ஆவி படிந்த மாதிரி. காரணம் எளிது. தின்னர் ஆவியாகும்போது தகரத்தின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. காற்றில் ஏற்கெனவே தளும்பத் தளும்ப ஈரம். தகரம் ஒன்றிரண்டு டிகிரி குளிர்ந்தாலே போதும், அந்த ஈரம் காயாத பெயிண்டின்மேல் பனியாக இறங்கிவிடும். சரி, ஷெட்டைச் சூடாக்கினால் போயிற்று என்று நினைத்தேன். பரணில் கிடந்த மண்ணெண்ணெய் ஸ்டவ்வை இறக்கி, நடுவில் வைத்து, கதவைச் சாத்தி, இடுக்குகளில் சாக்கைத் திணித்துப் பற்றவைத்தேன். முதல் ஒரு மணி நேரம் சொர்க்கம். இதமாக இருந்தது. உள்ளங்கையைக் காட்டிக் குளிர்காய்ந்தேன். பெயிண்டும் காய்கிற மாதிரிதான் இருந்தது. பிறகு தலை வலித்தது. எழுந்து வெளியே போய்விட்டேன்.

அப்படிப் போனது என் புத்திசாலித்தனம் இல்லை, தற்செயல். அடைத்த அறையில் கரிச்சட்டியை வைத்துக்கொண்டு படுத்தவர்கள் காலையில் எழாமல் போன செய்தி கொடைக்கானலிலிருந்தும் ஊட்டியிலிருந்தும் பல குளிர்காலங்களில் வந்ததுண்டு. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையில்லை, நிறமில்லை. தலைவலிதான் அது தட்டுகிற கதவு. போதாததற்கு, பக்கத்தில் திறந்த டப்பாவில் பெட்ரோல். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். தரையோடு தரையாகத் தவழ்ந்து நெருப்பிருக்கும் இடத்துக்குத் தானே போய்ச் சேரும். பெட்ரோல் தீப்பிடிக்கச் சூடு வேண்டும் என்பதும் கிடையாது, மைனஸ் நாற்பது டிகிரியிலும் அதன் ஆவி பற்றும். இதையெல்லாம் தெரிந்துகொண்டபோது கால் நடுங்கியது உண்மை. ஆனால் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது அந்தப் பயமில்லை, மறுநாள் காலையில் நான் பார்த்தது.

தகரக் கூரையின் அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். மழை ஒழுகியதல்ல, ராத்திரி மழையே இல்லை. பெஞ்சின்மேல் துணியில் துடைத்து வைத்திருந்த சிலிண்டரின் உட்சுவரில் செம்பொடி தூவியது போலத் துரு. சூடாக்கிய ஷெட், சூடாக்காத ஷெட்டைவிட நனைந்திருந்தது.

ஸ்டவ்வின் வேலைதான் அது. எண்ணெயில் இருப்பது கரியும் ஹைட்ரஜனும். எரியும்போது ஹைட்ரஜன் காற்றோடு சேர்ந்து தண்ணீராகிறது. ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமாகவே தண்ணீர், ஆவியாக. வீட்டுக்கு வரும் 14.2 கிலோ கேஸ் சிலிண்டர் தீர்வதற்குள் அடுப்படிக்குள் இருபத்திரண்டு லிட்டர் தண்ணீரை விட்டுவிட்டுத்தான் போகிறது. அதாவது ஒன்றரைக் குடம். நெருப்பும் நீரும் பகை என்று பழமொழி சொல்லிச் சொல்லி வளர்ந்த எனக்கு, நெருப்பின் வயிற்றிலேயே நீர் இருக்கிறது என்பது நாற்பத்தைந்து வயதில், ஒரு துருப்பிடித்த சிலிண்டரின் மூலம் தெரியவேண்டியிருந்தது. புகைபோக்கி என்பது புகைக்கு மட்டுமல்ல, இந்தத் தண்ணீருக்கும் வாசல். எஸ்டேட் ஃபேக்டரியில் இதைச் சரியாகத்தான் செய்தார்கள். உலையின் புகை ஒரு வழியில் வெளியே போகும், அந்த உலை சூடாக்கிய சுத்தமான காற்று இன்னொரு வழியில் இலைமேல் போகும், இலையின் ஈரத்தை வாங்கிய காற்றும் வெளியேறும். மூன்றுக்கும் தனித்தனி வாசல். நான் ஒரே கதவையும் சாத்திவிட்டு உட்கார்ந்தேன்.

பெரியம்மா மகன் டொரண்டோ பக்கம் இருக்கிறான். அவனும் வண்டிக் கிறுக்கன். அங்கே நவம்பரில் வண்டியை உள்ளே ஏற்றினால் ஏப்ரலில்தான் இறக்குவது. அந்த ஐந்து மாதமும் கேரேஜில் பிரித்துப் போட்டு வேலை பார்ப்பான். வாட்ஸாப்பில் காட்டினான். சுவர் முழுக்கப் பஞ்சுப்பொதி வைத்து மூடிய பலகை, கதவு விளிம்பெல்லாம் ரப்பர், மேலே உத்தரத்தில் தொங்கும் கேஸ் ஹீட்டர். அதன் புகை குழாய் வழியாக நேரே வீதிக்கு. வெளியே மைனஸ் 18. உள்ளே இவன் பனியனோடு நிற்கிறான். "அங்க தரையில இருந்து ஒன்றரை அடிக்குக் கீழ நெருப்போ பொறி பறக்குத சாமானோ வைக்கப்பிடாதுண்ணு கணக்கு இருக்கு, பெட்ரோல் ஆவிக்காக" என்றான். இத்தனை செலவு எதற்கடா, இரும்புக்கா என்று கேட்டேன். "இரும்புக்கு என்ன வந்துச்சு? அது கெடக்கும். கைக்குத்தான். கையுறையப் போட்டுக்கிட்டு எட்டாம் நம்பர் நட்ட எப்பிடிக் கழத்துவ? கையுறையக் கழத்துனா ஸ்பேனர் கையில ஒட்டிக்கிடும்லா."

இதை நான் பல நாள் அசைபோட்டேன். அவன் ஊரில் குளிர்காலத்து வெளிக்காற்று எலும்பு போல உலர்ந்தது. சூடாக்கினால் இன்னும் உலரும். இரும்புக்கு அங்கே பெரிய ஆபத்தில்லை (ரோட்டில் தூவும் உப்பைத் தவிர). சூடு மனுஷனுக்கு. எங்கள் ஊரில் மனுஷனுக்கு ஒரு துண்டு போதும். சூடு வேண்டியிருப்பது இரும்புக்கு. அவன் அறையைச் சூடாக்குகிறான், அது அவன் ஊருக்குச் சரி. நானும் அறையைச் சூடாக்கப் போனதுதான் பிசகு.

அண்ணாச்சியிடம் துருப்பிடித்த சிலிண்டரோடு போய் நின்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கிராங்க் கேஸைக் கொண்டுவரச் சொன்னார். அலுமினிய கேஸில் உட்காரும் பேரிங்கைச் சுத்தியலால் அடித்து இறக்குவது பாவம் என்பது அவர் கட்சி. சிரட்டைக் கரியைப் பரத்திக் கங்காக்கி, அதன்மேல் தகடு வைத்து, தகட்டின்மேல் கேஸை வைத்தார். எச்சிலைத் தொட்டுத் தெறித்துப் பார்த்தார். சுர்ரென்று உருண்டு ஓடியது. பேரிங்கை எடுத்து மேலே வைத்தார். டொக் என்று தானாக உள்ளே விழுந்தது. அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரட்டிப்பாக விரியும். 47 மில்லிமீட்டர் குழி நூறு டிகிரி சூடேறினால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலமாகும். ஒன்றரைத் தலைமயிர் கனம். அந்த ஒன்றரை மயிருக்காகத்தான் கங்கும் தகடும் எச்சிலும். கடை முன்னால் மழை ஊற்றிக்கொண்டிருந்தது. திறந்த கொட்டகை, சுவரே இல்லை. அவர் இந்த உலகத்தில் சூடாக்கியது ஒரு முழம் இடத்தை மட்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி, தாமிரபரணி இரு கரையும் மீறி ஓடியதே, அந்த வெள்ளம் வடிந்த பிறகும் அவர் சூடாக்கியது பாகங்களை மட்டும்தான். சேறு பூசிய வண்டிகள் வரிசையில் நின்றன. வந்தவர்களிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீரா?" ஆமாம் என்றவர்களின் வண்டி தனி வரிசை. உள்ளே தண்ணீர் இருக்கும்போது கிக்கரை மிதித்தால் அழுக்குத் தண்ணீர் எஞ்சின் முழுக்கப் போய்விடும், தண்ணீரை அமுக்க முடியாது என்பதால் கனெக்டிங் ராடும் வளையலாம். மிதிக்காதவர்களின் வண்டியில் பிளக்கைக் கழற்றி, பால் காப்பி நிறத்தில் இறங்கிய ஆயிலை வடித்து, டீசல் விட்டு அலசி, மறுபடி வடித்து, காயிலையும் கார்பரேட்டரையும் தனியே எடுத்து வெயிலில் வைத்தார். வெயில் நாலு நாள் கழித்துத்தான் வந்தது. அதுவரை அவற்றைத் தன் வீட்டு அடுப்படி மேடையில் வரிசையாக வைத்திருந்ததாக அவர் மனைவி குறைப்பட்டுக்கொண்டார். பிளக்கை அடுப்பில் வாட்டாத மெக்கானிக் இந்தப் பக்கம் யாருமில்லை.

இனி பல்பு. அண்ணாச்சி சொன்ன வைத்தியம் அது. "ரூமுக்கு எதுக்குவே சூடு? வண்டி கொஞ்சம் காத்த விடச் சூடா இருந்தாப் போதும். அடியில ஒரு குண்டு பல்பு போடும். மேல சாக்கு. கதவச் சாத்தாதீரும்."

அவருக்கு அறிவியல் தெரியாது என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன். இரும்பு துருப்பிடிப்பது காற்றின் ஈரப்பதம் அறுபது சதவீதத்தைத் தாண்டும்போதுதான் சட்டென்று வேகமெடுக்கிறது என்று 1930களில் இங்கிலாந்தில் வெர்னன் என்பவர் காட்டினார். இப்போது கணக்குப் பாருங்கள். இருபது டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமக்கக்கூடிய தண்ணீர் 17 கிராம். முப்பது டிகிரியில் 30 கிராம். நீரைக் கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம், நூறு சதவீதம் ஈரமான காற்றைப் பத்து டிகிரி சூடாக்கினால் போதும், ஐம்பத்தேழுக்கு இறங்கிவிடும். எஞ்சினைச் சுற்றிச் சாக்குக்குள் இருக்கும் அந்தக் கைப்பிடிக் காற்றுக்கு மட்டும் இதைச் செய்தால் வேலை முடிந்தது. பல்பு எரிந்தால் மண்ணெண்ணெய் போலத் தண்ணீர் கக்காது. போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் லென்ஸ் அலமாரிக்குள் பூசணம் வராமல் வைப்பார்களே, குஞ்சு பொரிக்கும் பெட்டியில் எரியுமே, அதே வைத்தியம்.

ஒரே சங்கடம், பல்பு கிடைக்கவில்லை. எல்.இ.டி. வந்து வெளிச்சத்தைக் கொடுத்துவிட்டுச் சூட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டது. பழைய குண்டு பல்பு, தின்ற மின்சாரத்தில் தொண்ணூறு பங்குக்கு மேல் சூடாகவே வீணாக்குகிறது என்பதற்காகத்தான் அதைப் பல நாடுகளில் ஒழித்தார்கள். எனக்கு அந்த வீண்தான் தேவை. அம்பாசமுத்திரத்தில் மூன்று கடை ஏறி இறங்கினேன். நாலாவது கடைக்காரர் தூசி தட்டி இரண்டு எடுத்துக் கொடுத்தார், அறுபது வாட். பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு, இரண்டு மாதத்துக்கு நாற்பத்து மூன்று. வீட்டுக்கு இலவசமாக வரும் நூறு யூனிட்டில் கிட்டத்தட்டப் பாதியை அப்பாவின் வண்டி குடிக்கப் போகிறது என்று வீட்டில் சொன்னபோது, "மாமா உசுரோட இருந்தப்பவும் அந்த வண்டிதான குடிச்சுது" என்று பதில் வந்தது.

பல்பு எரியத் தொடங்கிய மூன்றாம் நாள் ஒருவர் வந்தார். 2024இல் மாஞ்சோலை எஸ்டேட் மூடப்பட்டதும் கீழே இறங்கியவர். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகைக்கு பாம்பே பர்மா கம்பெனி எடுத்த காடு. 2028 வரை கணக்கு இருந்தது, அதற்கு முன்பே கதை முடிந்துவிட்டது. இவர் ஊத்து ஃபேக்டரியில் டிரையருக்கு விறகு தள்ளியவர். மழையில் நனைந்து வரும் ஸ்வெட்டரும் சாக்கும் அந்த உலைச் சுவரோரம்தான் காயும் என்றார். எஸ்டேட்டில் வண்டி வைத்திருந்தவர்கள் ஈரம் கோத்த காயிலைக்கூட அங்கே கொண்டுவந்து வைப்பார்களாம். மலையிறங்கிப் போய்த் திரும்பும் வழியில் வண்டி நின்றுவிட்டால் குளிரில் விடிய விடிய நிற்க வேண்டும், அந்தப் பயம்.

குனிந்து சாக்கை விலக்கிப் பல்பைப் பார்த்தார். "இவ்வளவுதானா?" என்றார். சிரிப்பாரோ என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. புறங்கையை கிராங்க் கேஸ்மேல் வைத்தார். உள்ளங்கை காய்த்துப்போனவர்களுக்குப் புறங்கைதான் சூடறியும். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, "நாள எடுக்கலாம். இன்னிக்கு இன்னும் ஈரம் இருக்கு" என்றார். இலையைப் பற்றிச் சொல்வது போலவே சொன்னார்.

கீழே குளிர் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "இங்க ஏது குளிரு" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

மறுநாள் சாயங்காலம் ஒரு துணிப்பையோடு வந்தார். உள்ளிலிருந்து எடுத்தது ஒரு மெரூன் கலர் ஸ்வெட்டர். இறங்கும்போது டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டியதாம். இங்கே போட வேலையே வரவில்லை, கார்த்திகை மழைக்குப் பிறகு திறந்தால் முழங்கையிலும் கழுத்திலும் வெள்ளையாகப் பூசணம். துவைத்தாயிற்று, ஆறு நாளாகக் கொடியில் கிடந்தும் காயவில்லை. "ஒம்ம வண்டிக்கு இடைஞ்சல் இல்லன்னா" என்று இழுத்தார்.

ஹேண்டில்பாரில் ஒரு கை, சீட்டில் ஒரு கை என்று விரித்துப் போட்டோம். சாக்கை அதற்கு மேலாக இழுத்துவிட்டார். வெளியே சாரல் பிடித்தது. நான் கதவருகே போனேன். "சாத்திராதீரும்" என்றார் அவர், பல்பின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தபடி.